சிவப்புக் கொடி ஏறாத கப்பல்

சித்திரை பிறக்கும் நாளை, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் மறப்பதில்லை. முலுண்டிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் அன்று தமிழர் இல்லங்களில் மாக்கோலம் விளங்கும். வேப்பம்பூப் பச்சடி மணக்கும். கோயில்களில் பஞ்சாங்கம் படிக்கப்படும். பெரும்பாலும் அந்நாள் ஏப்ரல் 14ஆம் தேதியாக அமைகிறது. அதே தேதியில் மும்பை நகரத்துத் தீயணைப்புப் படையினர் சீருடை அணிந்து வரிசையாக நின்று, தலைதாழ்த்தி மௌனம் காக்கின்றனர். நாடெங்கும் அன்று முதல் 20ஆம் தேதி வரை தீயணைப்பு வாரம் அனுசரிக்கப்படுகிறது. புத்தாண்டு வாழ்த்துக் கூறிக்கொண்டு தீயணைப்பு நிலையத்தைக் கடந்து செல்லும் நம்மவருள் பலர், அந்த மௌனத்துக்குக் காரணம் யாது என்று கேட்டதில்லை. நாமும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. கேட்டறிந்த பின்னர், அது துறைமுகத்தின் கதை மட்டுமன்று, வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருடைய கதையுமாகும் என்பது விளங்கிற்று.

1944ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய்த் துறைமுகம் இரவு பகலாக இயங்கி வந்தது. 'போர்ட் ஸ்டிக்கீன்' என்னும் சரக்குக் கப்பல் ஏப்ரல் 12ஆம் தேதி விக்டோரியா கப்பல்துறைக்குள் வந்து நின்றது. அது 1942இல் கனடா நாட்டில் கட்டப்பட்டது; 7,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. பிப்ரவரி 24ஆம் தேதி இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது, அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்தும் படைக்கலமும் இருந்தன. போர் விமானங்களும், 124 தங்கக் கட்டிகளும் இருந்தன. வழியில் கராச்சியில், காலியான இடத்தை நிரப்புவதற்காகப் பல்லாயிரம் பஞ்சுப் பொதிகளும், எண்ணெய்ப் பீப்பாய்களும், மரமும், கந்தகமும், மீன் உரமும் ஏற்றப்பட்டன. இரண்டாம் சரக்கறையில் பஞ்சும் வெடிமருந்தும் ஒன்றுக்கொன்று அண்டை வீட்டாராயின. அடுப்பையும் வைக்கோற்போரையும் ஒரே திண்ணையில் வைப்பதற்கு எந்தக் குடியானவனும் துணியமாட்டான். போரின் அவசரம் அதனைச் செய்துவிட்டது.

அமைதிக் காலத்தில், வெடிமருந்து சுமந்து வரும் கப்பல் துறைக்கு வெளியே நின்று சரக்கை இறக்க வேண்டும் என்பது வழக்கம். போர்க்காலத்தில் அது தளர்த்தப்பட்டது. அபாயச் சரக்கு உள்ளே இருக்கிறது என்பதை அறிவிக்கச் சிவப்புக் கொடி ஏற்றுவதும் மாலுமிகளின் மரபு. அக்கப்பலில் அக்கொடியும் ஏறவில்லை. ஆகவே, பக்கத்தில் நின்ற கப்பல்களில் வேலை செய்தோரும், கரையில் மூட்டை சுமந்தோரும், தாம் எதன் அருகில் நிற்கிறோம் என்பதை அறியாமலே தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நண்பகல் கடந்த வேளையில் இரண்டாம் சரக்கறையின் காற்றுக்குழாயிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அண்டையில் இருந்த வேறு கப்பல்களில் சிலர் அதனைக் கண்டனர் என்று பின்னர்த் தெரியவந்தது. கண்டும் எவரும் சொல்லவில்லை. 'அந்தக் கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்' என்று எண்ணியிருப்பர். அவர்களைக் குறைகூறுவது எளிது. தெருவில் மின்கம்பி அறுந்து தொங்குவதைக் கண்டு, 'வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று நடந்து சென்றவர் நம்மிலும் உண்டு.

பிற்பகல் 2 மணி அளவில் கப்பலில் இருந்தோர் புகையைக் கண்டு குரல் எழுப்பினர். தண்ணீர்க் குழாய்கள் இழுத்து வரப்பட்டன. தீயணைப்புப் படைக்குச் செய்தி அனுப்பச் சென்றவர் தொலைபேசியில் பேச இயலாமல், எச்சரிக்கைப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து மணியடித்தார் என்றும், மணியோசையில் 'வெடிமருந்துக் கப்பல்' என்ற செய்தி அடங்காமையால் முதலில் இரண்டு வண்டிகளே வந்தன என்றும் அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். உண்மை தெரிந்த பின்னர் மேலும் பல வண்டிகள் விரைந்தன. வீரர்கள் 900 டன்னுக்கும் அதிகமான தண்ணீரைச் சரக்கறையில் கொட்டினர். தீ எந்த மூலையில் இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியவில்லை. பஞ்சுக்குள் புகுந்த நெருப்பு உள்ளுக்குள்ளேயே கனலும் இயல்புடையது. கப்பலின் இரும்புச் சுவர் சூடேறிற்று.

கரையில் அதிகாரிகள் கூடினர். கப்பலை அங்கேயே நீரில் அமிழ்த்திவிடலாம் என்றார் ஒருவர். கடலுக்கு இழுத்துச் சென்றுவிடலாம் என்றார் மற்றொருவர். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தீ அடங்கும் என்று நம்பியவரும் இருந்தனர். கப்பல் தலைவர், துறைமுக அதிகாரி, படைத்துறை அதிகாரி, தீயணைப்பு அதிகாரி ஆகிய அனைவரும் தத்தம் எல்லைக்குள் அதிகாரம் உடையவரே. 'இதைச் செய்க' என்று அனைவருக்கும் ஆணையிடவல்லவர் எவரும் அங்கு இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இவ்வாறு கழிந்தது. மணி 4 ஆகும் தறுவாயில், கப்பலை விட்டு நீங்குமாறு கட்டளை பிறந்தது.

மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடி. கப்பல் பிளந்தது. எழுந்த பேரலை, அருகே நின்ற 'ஜலபத்மா' என்னும் கப்பலைத் தூக்கிக் கரையிலிருந்த கிடங்கின்மேல் சாய்த்தது. 34 நிமிடங்களுக்குப் பின் இரண்டாம் வெடி. அது முன்னதினும் பெரிது. எரியும் பஞ்சு வானத்திலிருந்து மழையாகப் பொழிந்து, துறைமுகத்தை அடுத்த குடியிருப்புகளைக் கொளுத்திற்று. தங்கக் கட்டி ஒன்று ஒரு மைலுக்கு அப்பால் இருந்த வீட்டின் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. வெகு தொலைவிலுள்ள சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது. பத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன. மாண்டோர் தொகையை 800 முதல் 1,300 வரை பலவாறு மதிப்பிடுவர். ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தனர். தீயணைப்பு வீரர் 66 பேர் கடமையிலிருந்தபடியே உயிர் நீத்தனர். ஏப்ரல் 14இன் மௌனம் அவர்களுக்கு உரியது.

பம்பாயில் அனைவரும் செவியால் கேட்ட அந்த வெடியைப் பற்றி நம் நாட்டுப் பத்திரிகைகள் எழுதப் போர்க்காலத் தணிக்கை இடந்தரவில்லை. மறுநாளே அதனை விரிவாக ஒலிபரப்பியது, ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி. இந்தியச் செய்தியாளர்க்கு மே மாதம் இரண்டாம் வாரத்தில்தான் அனுமதி கிடைத்தது. வெடிப்பதற்கு முன்னரும் செய்தி தடைப்பட்டது. வெடித்த பின்னரும் தடைப்பட்டது.

விசாரணை நடைபெற்றது. பஞ்சில் தீப்பற்றியதற்கு, கவனமின்றிப் புகைபிடித்த ஒருவரின் நெருப்பே காரணமாகலாம் என்று கருதப்பட்டது. ஒரு துணுக்கு நெருப்பு எப்பொழுதும் எங்கேனும் விழக்கூடும். அது இத்துணை உயிர்களை உண்ணும்படி வளர்ந்தது எதனால்? கொடி ஏற்ற வேண்டிய இடத்தில் கொடி ஏறவில்லை. புகையைக் கண்ட கண் வாயிடம் சொல்லவில்லை. சொன்ன செய்தி முழுமையாகச் சேரவில்லை. சேர்ந்த பின்னரும் முடிவெடுக்கும் உரிமை எவரிடமும் இல்லை. குழாய் இருந்தது, நீர் இருந்தது, வீரம் இருந்தது. சொல் ஒன்றே இல்லாமற் போயிற்று.

இதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே உலகம் இப்பாடத்தை ஒருமுறை படித்திருந்தது. 1917 டிசம்பர் 6ஆம் தேதி, கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் 'மோன் பிளான்' என்னும் வெடிமருந்துக் கப்பல் மற்றொரு கப்பலுடன் மோதித் தீப்பிடித்தது. அதிலும் சிவப்புக் கொடி ஏறவில்லை. காரணம் அங்கும் போரே. மக்கள் ஜன்னலருகே நின்று தீயை வேடிக்கை பார்த்தனர். 1,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அங்கு ஒரு மனிதர் சொன்னார். வின்சென்ட் கோல்மன் என்னும் ரயில்வே தந்தி ஊழியர், கப்பலில் இருப்பது வெடிமருந்து என்று கேள்விப்பட்டதும் ஓடிவிட முனைந்து, பின் திரும்பி வந்து, நகருக்கு வந்துகொண்டிருந்த பிரயாணிகள் ரயிலை நிறுத்துமாறு தந்தி அடித்தார். அவர் பிழைக்கவில்லை.

ரயில்வேயைச் சார்ந்த ஒருவர் அதைச் செய்தது தற்செயலன்று என்பது எமது கருத்து. முலுண்டு வாசிகளாகிய நமக்கு ரயில் புதிதன்று. 1853 ஏப்ரல் 16ஆம் தேதி போரிபந்தரிலிருந்து தாணேக்கு நாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடியது. 14 பெட்டிகள், மூன்று எஞ்சின்கள், ஏறத்தாழ 400 பிரயாணிகள், 34 கிலோமீட்டர் தூரம். இன்று நாம் நாள்தோறும் நெருக்கியடித்துக்கொண்டு செல்லும் பாதையே அது. முலுண்டைக் கடந்துதான் அவ்வண்டி தாணேயை அடைந்தது. அந்நாள்முதல் பல விபத்துகளைக் கண்டு, பல உயிர்களை இழந்து, ரயில்வே ஒரு விதியைக் கற்றுக்கொண்டது. தண்டவாளத்தில் பழுதைக் காண்பவர் கடைநிலை ஊழியராயினும், சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். கொடி இல்லையேல் இரு கைகளையும் உயர்த்திக் காட்டினால் போதும். எஞ்சினிலுள்ள ஓட்டுநர், 'நீ யார், உன் பதவி என்ன' என்று கேட்பதில்லை. முதலில் வண்டியை நிறுத்துகிறார். விசாரணை பின்னர் நடக்கிறது. தண்டவாளம் பார்ப்பவருக்கு அளிக்கப்பட்ட இந்த உரிமை, 1944இல் கப்பல்துறையில் மூட்டை சுமந்தவருக்கு அளிக்கப்பட்டிருக்குமாயின், அந்த வெள்ளிக்கிழமை வேறுவிதமாக முடிந்திருக்கக்கூடும்.

தொழிற்சாலைகளுக்கு இவ்வுரிமை வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் பிறந்தது. அது பெரும்பாலும் சிறுவர்களின் வேலை நேரத்தைப் பற்றியது. விடுதலைக்குப் பின் 1948இல் வந்த சட்டம் இயந்திர வேலி, காற்றோட்டம், தீத்தடுப்பு ஆகியவற்றை விரிவாக வகுத்தது. எனினும், அபாயத்தைக் கண்ட தொழிலாளி அதனை எடுத்துரைக்கும் உரிமையைச் சட்டம் தெளிவாக எழுதியது 1987ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான். அதற்கு விலையாகப் போபால் நகரம் தன் மக்களைக் கொடுத்திருந்தது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கே நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அவ்வூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, 1982 முதலே அந்த ஆலையின் அபாயத்தைப் பற்றி எழுதி வந்தார். அவர் கொடி ஏற்றினார். வண்டியை நிறுத்துவார் இல்லை. 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழிலாளியின் இவ்வுரிமை இடம்பெற்றிருக்கிறது.

அதே 2020இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஏறத்தாழ ஆறாண்டுகளாக ஒரு கிடங்கில் கிடந்தது. அதன் அபாயம் குறித்துக் கடிதங்கள் எழுதப்பட்டன. மேசைக்கு மேசை சென்றன. ஆகஸ்டு 4ஆம் தேதி கிடங்கு வெடித்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி கேட்ட பின்னர்தான், நம் சென்னைக்கு அருகே மணலியில் 2015 முதல் அதே சரக்கு ஏறத்தாழ 700 டன் முடங்கிக் கிடப்பது எல்லோருடைய கவனத்துக்கும் வந்தது. அம்மாதமே அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. பெய்ரூட் எரிந்ததால் மணலி பிழைத்தது எனலாம். பிறர் வீட்டுத் தீயில்தான் நாம் பாடம் படிக்க வேண்டுமா என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, எமது பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆவணங்களை மொழிபெயர்ப்பது எமது உத்தியோகம். சில ஆண்டுகளுக்கு முன், முலுண்டை அடுத்த தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த நண்பர், அங்குள்ள தமிழ்த் தொழிலாளருக்காக ஓர் எச்சரிக்கைப் பலகையைத் தமிழாக்கித் தருமாறு கேட்டார். நாமும் மகிழ்ச்சியுடன், 'எளிதில் தீப்பற்றும் ஆவியின் செறிவு அனுமதிக்கப்பட்ட வரம்பினை விஞ்சுமிடத்து, பணியாளர் உரிய வெளியேற்ற நடைமுறையினைப் பின்பற்றுதல் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தோம். இலக்கணத்தில் குற்றமில்லை. பலகை மாட்டிய அன்று, திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதனை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, எம் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். வாடை அடிச்சா நாங்க ஓடணுமா, நிக்கணுமா? அதைச் சொல்லலியே."

"ஓடத்தான் வேண்டும், அண்ணாச்சி" என்றோம்.

"அப்போ அதையே எழுதிருங்க. எந்த வாசல் வழியா ஓடணும்னும் எழுதிருங்க."

அன்று மாலையே பலகை மாறியது. 'மருந்து வாடை அடித்தால் வேலையை நிறுத்துங்கள். விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். கிழக்கு வாசல் வழியாக வெளியே போங்கள். மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.' கல்லூரியில் கலைப்பட்டம் பெற்ற எமக்கு, மொழிபெயர்ப்பின் முதற்பாடத்தை அந்தப் பெரியவரே கற்பித்தார். புரியாத எச்சரிக்கை, ஏறாத கொடிக்குச் சமம்.

இது பிறமாநிலத்தில் வாழும் தமிழர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. தாராவியின் தோல் பட்டறைகளுக்கும், மாட்டுங்காவிலிருந்து சென்று பணிபுரிந்த அலுவலகங்களுக்கும், செம்பூரை அடுத்த எண்ணெய் ஆலைகளுக்கும் நம் முன்னோர் வந்தபோது, அவர்கள் காதில் விழுந்த மொழி வேறு. மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிய பலகையைப் படிக்க இயலாமல், முன்னே செல்பவரைப் பார்த்து நடந்துகொண்டனர். முன்னே செல்பவர் தவறினால் பின்னே செல்பவரும் தவறினர். இன்று முலுண்டின் பழைய ஆலைகள் பல மறைந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆயினும் நாள்தோறும் புதிதாக ஊரிலிருந்து வண்டியேறி வரும் இளைஞர் இருக்கின்றனர். மின்தூக்கி பொருத்தும் இடத்திலும், கட்டட வேலையிலும், சரக்குக் கிடங்கிலும் வேலைக்கு அமர்கின்றனர். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் அண்ணனும் மாமனும், முதல் நாளே இங்குள்ள அபாயச் சொற்கள் பத்தினைக் கற்றுக்கொடுத்தால் அது பெரிய உதவியாகும். 'ஆக்' என்றால் தீ, 'தோகா' என்றால் அபாயம், 'ருகோ' என்றால் நில். ஊதியம் எவ்வளவு என்று கேட்கும் முன்னர், தீப்பிடித்தால் எந்த வழி என்று கேட்கப் பழக்க வேண்டும்.

எம்மொழியும் அறியாதவருக்கும் பேசும் அடையாளங்களை விஞ்ஞானம் இன்று அளித்திருக்கிறது. நெடுஞ்சாலையில் செல்லும் டேங்கர் லாரிகளின் பின்புறம் சாய்சதுரக் குறி ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். தீச்சுடர் வரைந்திருந்தால் எளிதில் தீப்பற்றும் பொருள். மண்டையோடு இருந்தால் நஞ்சு. ஆரஞ்சு நிறத்தில் வெடித்துச் சிதறும் உருவம் இருந்தால் வெடிமருந்து. அருகே நான்கு இலக்க எண் இருக்கும். பெட்ரோலுக்கு அது 1203. சமையல் எரிவாயுவுக்கு 1075. அந்த எண்ணைத் தொலைபேசியில் சொன்னால், தீயணைப்புப் படையினர் எதனுடன் வரவேண்டும் என்பதை அறிந்து வருவர். 1944இல் மணியோசையால் சொல்ல முடியாததை இன்று நான்கு இலக்கங்கள் சொல்லிவிடுகின்றன. லாரி கவிழ்ந்தால் கைப்பேசியில் படம் பிடிப்பதற்கு முன் விலகி நின்று, 101 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து அந்த இலக்கங்களைச் சொல்லுங்கள்.

ஆயினும் கருவி தானாகப் பேசாது. அபாயக் குறியை ஒட்ட மறந்த கையும், கண்ட புகையைச் சொல்லாத வாயும், சொன்னவனை 'உன் வேலையைப் பார்' என்று அதட்டும் மேலாளும் இருக்குமட்டும், எத்தனை நுட்பமான கருவியும் பயன் தாராது. வேலையிடத்து ஒழுக்கம் என்பது நேரத்துக்கு வருவதும் பணிவாக நடப்பதும் மட்டுமன்று. தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்வதும், சிறியவன் சொன்னாலும் பெரியவர் செவிசாய்ப்பதும் அதன் உயிர்நிலை. பணிவு என்ற பெயரால் வாய்மூடி நிற்பதை நம்மவர் சில வேளை நற்பண்பாகக் கொள்கின்றனர். அபாயத்தின்முன் அது நற்பண்பு ஆகாது.

வரும் சித்திரை முதல் நாளன்று, பச்சடி உண்டு புத்தாடை உடுத்திக் கோயிலுக்குச் செல்லும் வழியில், தீயணைப்பு நிலையத்தின் முன் ஒரு கணம் நில்லுங்கள். உடன் வரும் குழந்தை 'ஏனப்பா நிற்கிறோம்' என்று கேட்கும். அந்தக் கப்பலின் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, 'நீ புகையைக் கண்டால் என்ன செய்வாய்' என்று கேளுங்கள். 'சத்தம் போட்டுச் சொல்வேன்' என்று அது விடையளிக்குமாயின், அந்த 66 பேருக்கும் நாம் செலுத்தும் வணக்கம் அதுவே.